கறியை நிறுத்தச் சொன்னது அறிவியலா?

கோத்தகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். முப்பது ஆண்டுக்கு மேல் விலங்கியல் கற்பித்த நான், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு இறைச்சியையும் மீனையும் நிறுத்தியதாக அவர் கேள்விப்பட்டிருக்கிறார். அது அறிவியல் காட்டிய வழியா, வெறும் மன இரக்கமா என்று அறிய விரும்புகிறார். தானும் நிறுத்த நினைப்பதாகவும், "சயின்ஸ் படிக்கிற பெண் சாமியார் மாதிரிப் பேசுகிறாயே" என்று வீட்டில் கேலி செய்வதாகவும், அவர்களுக்கு அறிவியலைக் கொண்டே பதில் சொல்ல வழியுண்டா என்றும் கேட்கிறார்.

வழியில்லை என்பதுதான் என் பதில். இறைச்சியை விடு என்று எந்த ஆய்வும் எனக்குச் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஒன்று எப்படி இருக்கிறது, எதனால் அப்படி இருக்கிறது என்பதை ஆய்வு சொல்லும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எப்படி நடப்பது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் அறிவியல் என்னிடம் வேறொரு காரியம் செய்தது. இறைச்சியை விடாமல் இருப்பதற்கு நான் சொல்லிக்கொண்டிருந்த காரணங்களை ஒவ்வொன்றாகக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. விட்ட பிறகு, விட்டவர்கள் வழக்கமாகச் சுமந்துகொண்டு திரியும் பெருமைகளையும் அதேபோலப் பிடுங்கிக்கொண்டது. இந்த இரண்டாவது காரியத்தையும் அது தயங்காமல் செய்ததால்தான் அதன்மேல் எனக்கு மதிப்பு.

கதை ஓர் ஆட்டிலிருந்து தொடங்குகிறது. 1972-ஆம் ஆண்டு; எனக்கு ஒன்பது வயது. குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் குடியிருந்தோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு நாய் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. இரண்டு நாளில் அந்த நாய் செத்தும் போனது. மறுநாளிலிருந்து அப்பா அரைநாள் கூலியை இழந்து என்னைப் பேருந்தில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். தொப்புளைச் சுற்றி 14 ஊசி, நாளுக்கு ஒன்று. கண்ணாடிச் சிரிஞ்சை வெந்நீர்த் தட்டிலிருந்து எடுக்கும் செவிலியர், மருந்துப் புட்டியை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குவார். உள்ளே இருந்தது தெளிந்த நீர் அல்ல, அரிசி கழுவிய நீர்போல் கலங்கிய ஒன்று. நேற்றுப் போட்ட இடம் வீங்கிக் கடுத்துக்கொண்டிருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு விரற்கடை தள்ளி இன்றைய இடத்தைப் பஞ்சால் துடைப்பார். ஊசியைவிட அந்தப் பஞ்சின் குளிர்ச்சிதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வீட்டிலோ அப்பத்தாவின் பத்தியம். நாய்க்கடிக்குக் கறி ஆகாது, கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது. மூன்று மாதத்துக்கு ரசமும் சுட்ட அப்பளமும்தான். பிற்பாடு முதுகலை படிக்கும்போது அந்தக் கலங்கல் மருந்து என்னவென்று தெரிந்தது: ஆட்டு மூளை. 14 நாளும் ஆடு என் வாய்வழியே உள்ளே போகாதபடி அப்பத்தா காவல் காத்தார். அதே 14 நாளும் அது வயிற்றுத் தோல்வழியே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வெறிநாய்க்கடி நச்சுயிரியை ஆட்டின் மூளையில் செலுத்தி, சில நாளில் அந்த ஆடு நோயுற்று விழுந்ததும் அதைக் கொன்று, மூளையை எடுத்து அரைத்து, அதிலுள்ள நச்சுயிரியை வேதிப்பொருளால் செயலிழக்கச் செய்து தயாரித்த மருந்து அது. இமாச்சல மலையூரான கசௌலியில் டேவிட் செம்பிள் என்ற ராணுவ மருத்துவர் 1911-இல் உருவாக்கிய முறை. எங்கள் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1902-இல் ஓர் ஆங்கிலேய இளம்பெண் தென்னிந்தியாவில் தக்க ஊசி கிடைக்காமல் வெறிநாய்க்கடியால் இறந்துபோனார். அந்த மரணம் கிளப்பிய கவலையும், அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி ஃபிப்ஸ் அப்போதைய வைஸ்ராய் கர்சன் பிரபுவிடம் கொடுத்திருந்த நன்கொடையின் ஒரு பகுதியும் சேர்ந்து 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. சிம்ஸ் பூங்காவுக்கு எதிரே இன்றும் நிற்கும் அந்தக் கட்டடத்தில்தான் தென்னாட்டுக்கான ஆட்டு மூளை மருந்து பல்லாண்டுகள் தயாரானது. என்னைக் கடித்த நாய்க்கு உண்மையில் வெறி இருந்ததா என்று எவரும் சோதிக்கவில்லை. ஆகவே ஆடுதான் என் உயிரைக் காத்தது என்று அறுதியிட்டுச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் அந்த நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைத்தவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். ரசத்தையும் அப்பளத்தையும் மட்டும் நம்பியிருப்பது பெரிய சூதாட்டமாக இருந்திருக்கும்.

ஆசிரியரான பிறகு இந்தக் கதையை நான் துருப்புச்சீட்டாக வைத்திருந்தேன். அப்போதெல்லாம் விலங்கியல் செய்முறை என்றால் தவளை அறுப்பது உண்டு. உயிரைக் கொல்ல மனம் வரவில்லை என்று யாராவது கத்தியைக் கீழே வைத்தால், ஆட்டு மூளைக் கதையைச் சொல்லி, "அந்த ஆடு சாகாவிட்டால் உங்கள் ஆசிரியர் இங்கே நின்றுகொண்டிருக்க மாட்டார்" என்று முடிப்பேன். வகுப்பு அடங்கிவிடும். ஓர் ஆண்டு, கடைசி மேசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அந்த ஆடு ஊசிக்குச் செத்தது சார், சரி. ஞாயிற்றுக்கிழமை ஆடு எதற்குச் சாகிறது?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "புரதத்துக்கு" என்றேன்.

சொன்ன பிறகுதான், அது உண்மையா என்று பார்க்கத் தோன்றியது. பார்க்கத் தொலைவு போகவும் வேண்டியிருக்கவில்லை. இந்தியாவில் ஊட்டச்சத்து ஆராய்ச்சி வேரூன்றிய இடம் குன்னூர்தான் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்கே பெரும்பாலும் தெரியாது. 1918-இல் ராபர்ட் மெக்கேரிசன் என்ற மருத்துவர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், உணவுக் குறையால் கால்கள் முடங்கும் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஓர் அறை ஆய்வுக்கூடமாக வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம் மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1920-களில் அவர் இங்கே செய்த எலி ஆய்வு உலகப் புகழ் பெற்றது. ஒரே வயதும் எடையும் உள்ள எலிகளைக் குழுக்களாகப் பிரித்தார். கூண்டு, காற்று, சுத்தம் எல்லாம் எல்லாக் குழுவுக்கும் ஒன்றுபோல் இருக்க, உணவை மட்டும் மாற்றினார். ஒரு குழுவுக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பதானியர் சாப்பாடு, ஒன்றுக்கு மராட்டியர் சாப்பாடு என்று போய், கன்னடர், வங்காளியர், கடைசியில் மதராஸிகள், அதாவது நாம். எடையிலும் ஆரோக்கியத்திலும் சீக்கிய எலிகள் முதலிடம். நம் எலிகள் கடைசி. இதைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மாகாண அவமானத்தை மறைக்க விரும்பவில்லை.

இந்த ஆய்வை இறைச்சி உண்பவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள், மறுப்பவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். இருவரும் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சீக்கியர் உணவில் தவிடு நீக்காத கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி எல்லாம் தினமும் இருந்தன. கறியும் வாரம் ஒரு முறை இருந்தது. மதராஸி உணவு பெரும்பாலும் தீட்டிய அரிசிச் சோறு. பால் மிகக் குறைவு. எலியைத் தேற்றியது வாரம் ஒரு முறைக் கறியா, தினப்படிப் பாலா, தவிடா என்பதை இந்த ஓர் ஆய்வைக் கொண்டு பிரிக்க முடியாது. ஆனால் கறி கூடக்கூட எலி தேறியது என்றும் இதிலிருந்து சொல்ல முடியாது. கறி மிகுந்த பதானியர் உணவு சீக்கியர் உணவைத் தாண்டவில்லை. ஜாவா தீவில் 1890-களிலேயே எய்க்மன், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விழுவதையும் தவிடு கொடுத்ததும் அவை எழுந்து நடப்பதையும் கண்டிருந்தார். ஆகவே நம் எலிகளின் தாழ்வுக்கு ஒரு காரணம் அரிசி ஆலையிலேயே இருந்தது. எப்படியும், பருப்பும் பாலும் கீரையும் ஒழுங்காகச் சேர்ந்த தட்டில் கறி இல்லாவிட்டால் புரதம் கிடைக்காது என்ற என் பதிலுக்கு ஆதாரம் இல்லை. அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தின் ஒரு கூறு, பருப்பிலும் அவரையிலும் நிறைய இருக்கிறது. பருப்பில் குறையும் மெத்தியோனின் என்ற இன்னொரு கூறை அரிசி ஈடுகட்டுகிறது. நீலகிரிப் படகர் வீட்டில் அவரைக் குழம்போடு களி சாப்பிட்டவர்களுக்கு இது புதிய செய்தியல்ல.

புரதம் போனதும், நானா கொல்கிறேன், கடையில் கிடைப்பதை வாங்குகிறேன் என்ற அடுத்த காரணத்துக்குத் தாவினேன். அதற்கு ஆய்வுக்கூடமே தேவைப்படவில்லை. தின்பதற்காகக் கொல்லாத உலகில் விலைக்கு ஊன் விற்பவரும் இருக்க மாட்டார் என்று வள்ளுவர் சந்தைக் கணக்கையே போட்டு வைத்திருக்கிறார். பள்ளியில் மனப்பாடம் செய்த குறள். மதிப்பெண்ணுக்கு அப்பால் அதற்கு வேலை இருக்கும் என்று அப்போது நினைக்கவில்லை.

கடைசியாக என்னிடம் மிஞ்சியிருந்தது மீன். ஆட்டையும் கோழியையும் விட்டாலும் மீனை விட வேண்டியதில்லை, மீனுக்கு வலி தெரியாது என்பது என் வாதம். தூண்டிலில் அது துள்ளுவது வெறும் அனிச்சைச் செயல். இதை நான் நம்பியது மட்டுமல்ல, வகுப்பில் 15 ஆண்டுகளாகச் சொல்லியும் வந்தேன். 2003-இல் லின் ஸ்னெடன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஸ்காட்லாந்தில் வானவில் டிரவுட் மீன்களை வைத்துச் செய்த ஆய்வு வெளிவந்தது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்க வைத்து நம் ஓடைகளில் விடப்படும் அதே மீன் இனம்தான். மீனின் முகத்தில், திசு சேதமாகும் அளவுக்கான அழுத்தத்தையும் வெப்பத்தையும் அமிலத்தையும் உணரும் நரம்பு முனைகள் இருப்பதை முதலில் கண்டார்கள். பிறகு சில மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும், சிலவற்றில் அசெட்டிக் அமிலத்தையும், சிலவற்றில் வெறும் உப்புநீரையும் ஊசியால் ஏற்றினார்கள். இன்னும் சிலவற்றைக் கையில் பிடித்துவிட்டு, ஊசி போடாமலே திரும்ப விட்டார்கள். நஞ்சும் அமிலமும் ஏற்றப்பட்ட மீன்கள் தொட்டியின் அடியில் ஒரு பக்கமாக ஆடிக்கொண்டிருந்தன. அமிலம் ஏற்றப்பட்டவை உதட்டைச் சரளைக் கல்லில் தேய்த்தன. அவை மறுபடி இரை எடுக்க ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆனது. உப்புநீர் ஏற்றியவை அதில் பாதி நேரத்திலேயே இரைக்கு வந்துவிட்டன. மார்ஃபின் கொடுத்தபோது தேய்ப்பதும் ஆடுவதும் குறைந்தன.

உப்புநீர் ஊசி ஏன் என்பதை உங்கள் வீட்டாருக்குக் கட்டாயம் விளக்குங்கள்; அறிவியலின் மொத்த நேர்மையும் அந்த ஊசியில் இருக்கிறது. அது இல்லாவிட்டால், குத்தியதால் மீன் மிரண்டது, அவ்வளவுதான் என்று என்னைப் போன்றவர்கள் தப்பித்துவிடுவோம். அந்தத் தப்புவழியை முன்கூட்டியே அடைத்துவிட்டுத்தான் அவர்கள் பேசுகிறார்கள். இதையும் ஒப்புக்கொள்ளாத அறிஞர்கள் உண்டு. மீனுக்கு நம்மைப் போன்ற மூளைப் புறணி, அதாவது மூளையின் மேலடுக்கு, இல்லை, ஆகவே அது உணர்ந்து துன்புறுகிறது என்று சொல்ல முடியாது என்பது அவர்கள் வாதம். அது முட்டாள்தனமான வாதமும் அல்ல. ஆனால் "மீனுக்கு வலி தெரியாது" என்று உறுதியாகச் சொல்ல எனக்கு இனி உரிமை இல்லை. இன்னொன்று: மீனுக்கு வலி உண்டா என்று அறிய மீனுக்கு வலி கொடுக்க வேண்டியிருந்தது. இந்த முரண்பாட்டை என்னால் தீர்க்க முடியவில்லை.

2004 மே மாதம் எமரால்டு அணைக்கரைக்கு நான்கு நண்பர்கள் போனோம். ஒருவர் தூண்டிலில் ஒரு கெண்டை பிடித்துப் புல்லில் போட்டார். பஞ்சப்படி நிலுவை எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தோம். செவுள்மூடி திறந்து மூடுவதை நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். வால் அசைவு நின்ற பிறகும் செவுள் திறந்தது. நின்றுவிட்டதென்று நினைத்தபோது இன்னொரு முறை திறந்தது. பேச்சு நிலுவைத் தொகையிலிருந்து வீட்டுக்கடனுக்குப் போயிருந்தது. அன்று அந்த மீனை என்னால் சாப்பிட முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். மறுவாரம் வீட்டில் கறி வேண்டாம் என்றேன். சபதம் எதுவும் எடுக்கவில்லை. மூன்று மாதம் கழித்து மனைவி, "நிறுத்திவிட்டீர்களா?" என்று கேட்டபோதுதான் நிறுத்திவிட்டேன் என்பது எனக்கே தெரிந்தது.

இதில் அறிவியல் எவ்வளவு, இரக்கம் எவ்வளவு என்று நீங்கள் கேட்டால், இப்படித்தான் பிரிக்க முடியும்: அந்தச் செவுள் அசைவை வெறும் இயந்திர அசைவு என்று தள்ளிவிட முடியாமல் செய்தது ஆய்வு. அதற்குப் பிறகு தட்டைத் தள்ளி வைத்தது நான். ஜூனில் கல்லூரி திறந்ததும் இரண்டாமாண்டு வகுப்பில், மீனைப் பற்றிப் போன ஆண்டு நான் சொன்னது தவறாக இருக்கலாம் என்று எழுந்து நின்று சொன்னேன். பெரிய அறச்செயல் செய்துவிட்ட நினைப்பில் இருந்தேன். ஒரு மாணவி, "தேர்வில் எதை எழுதுவது சார்?" என்றார்.

இனி, விட்டவர்களின் பெருமைகளுக்கு வருகிறேன். நம் ஊரில் இதைச் சாதியைத் தொடாமல் பேச முடியாது. அப்படிப் பேசுபவர் பொய் சொல்கிறார். "நீங்கள் சைவமா?" என்று வாடகை வீட்டுக்காரர் கேட்பது உங்கள் உணவை அறிவதற்காக அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். நான் நிறுத்திய செய்தி பரவியபோது, உடன் வேலை பார்த்த ஒருவர் தோளில் கைபோட்டு, "நீங்களும் எங்கள் பக்கம் வந்துவிட்டீர்கள், சந்தோஷம்" என்றார். என் அம்மா சமைத்த கருவாட்டுக் குழம்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்க வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன், கேட்டிருக்க வேண்டும். அன்றிலிருந்து சைவம் என்ற சொல்லை என்னைப் பற்றிப் பயன்படுத்துவதில்லை. கறி, மீன் சாப்பிடுவதில்லை என்று மட்டும் சொல்கிறேன். உயிரியலில் தூய்மையான உடல் என்று ஒன்று இல்லை. கறி செரித்தாலும் கடலை செரித்தாலும் குடலைத் தாண்டுவது அதே அமினோ அமிலங்கள்தான். எந்த அமினோ அமிலத்திலும் குலம் கோத்திரம் எழுதியிருப்பதை நான் கண்டதில்லை. எருமைகளோடேயே வாழ்ந்தும் மரபாகப் பாலும் மோரும் சோறுமாக உண்ட தோடர்களும், இறைச்சி உண்ணும் கோத்தர்களும் இதே மலையில் நூற்றாண்டுகளாக அண்டை அயலார். ஒருவர் உணவை வைத்து மற்றவரை அளக்கும் வேலையை அவர்கள் நம் அளவுக்குச் செய்ததாகத் தெரியவில்லை.

அடுத்தது ஆரோக்கியப் பெருமை. இதில்தான் நான் நன்றாக அடி வாங்கினேன். 2011-இல் பாதத்தில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு வந்தது. ஒரு நாள் சிம்ஸ் பூங்கா இறக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பெண், "ஐயா, செருப்பு" என்று கூப்பிட்டார். இடது செருப்பு கழன்று பத்தடி பின்னால் கிடந்தது. கழன்றதும் தெரியவில்லை, வெறுங்காலில் நடந்ததும் தெரியவில்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் சரியாக இருந்ததால், முதலில் பார்த்த மருத்துவர் மலைக்குளிரும் வயதும் என்று அனுப்பிவிட்டார். இரண்டாவது மருத்துவர் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார், மிகவும் தாழ்ந்திருந்தது. ஏழு ஆண்டுகளாகக் கீரையும் பயறும் தின்று, எல்லோருக்கும் உபதேசமும் செய்துகொண்டிருந்தேன்.

ஹீமோகுளோபின் ஏன் சரியாக இருந்தது என்பதன் பின்னாலும் ஒரு குன்னூர்க் கதை இருக்கிறது. 1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், பம்பாய் நெசவாலைப் பெண்கள் கருவுற்றிருக்கும்போது அவர்களைத் தாக்கிய கடுமையான இரத்தசோகையை ஆராய வந்தார். 1929-இல் சில மாதங்கள் குன்னூரில் மெக்கேரிசனின் கூடத்தில் வேலை செய்தார். எலிகளிலும் பிறகு குரங்குகளிலும் சோதித்து, விலை மலிந்த ஈஸ்ட் சாறே அந்தச் சோகையைப் போக்குவதை 1931-இல் உலகுக்குச் சொன்னார். அதிலிருந்த பொருளை 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். கீரை தின்பவர்களுக்கு இது தாராளமாகக் கிடைக்கும். அதில்தான் ஆபத்து. பி12 குறைந்தாலும் ஃபோலிக் அமிலம் நிறைய இருந்தால் இரத்தச் சோதனை நன்றாக இருப்பதுபோல் காட்டும்; அந்த மறைவில் நரம்பு மட்டும் அரிபட்டுக்கொண்டிருக்கும். கீரைதான் என் நோயைக் காட்டிக்கொடுக்காமல் மூடி வைத்திருந்தது.

பி12-ஐ எந்தச் செடியும் செய்வதில்லை, எந்த விலங்கும் செய்வதில்லை. சில நுண்ணுயிரிகள் மட்டுமே செய்கின்றன. மாட்டுக்கு அதன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகள் செய்து தருகின்றன. மாட்டின் பாலிலும் இறைச்சியிலும் நமக்கு வருவது அதுவே. தேநீரில் விடும் பாலும் ஒரு கரண்டித் தயிரும் எனக்குப் போதவில்லை. இட்லி மாவு புளிப்பதால் பி12 வந்துவிடும் என்பதையும், ஸ்பைருலினா என்ற சுருள்பாசி மாத்திரையில் அது நிறைய இருக்கிறது என்பதையும் நம்பாதீர்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். "ஈரல் சாப்பிடுங்கள்" என்றார் மருத்துவர். அது தவறான அறிவுரை அல்ல. ஈரலில் பி12 மிகுதி. ஆனால் மருந்துக்கடையில் கிடைக்கும் பி12, ஆலையில் நுண்ணுயிரிகளை வளர்த்து எடுப்பதுதான். மாட்டை நடுவில் நிறுத்தாமல் நேராக உற்பத்தியாளரிடமே வாங்குவது என்று வைத்துக்கொண்டேன். ஊசியும் மாத்திரையும் எடுத்ததில் கால் பெரும்பாலும் தேறிவிட்டது. இடது பெருவிரல் மட்டும் இன்னும் பாதி மரத்தே இருக்கிறது. இயற்கையான உணவு என்ற பெருமையும் அதோடு போயிற்று: தொழிற்சாலை மாத்திரை இல்லாமல் என் உணவு முழுமையாகாது.

என் தட்டில் இரத்தம் இல்லை என்ற பெருமையையும் நீண்ட நாள் வைத்திருக்க முடியவில்லை. நான் தின்னும் கேரட்டும் உருளையும், முட்டைக்கோசும் ஆங்கிலேயர் கொண்டுவந்து ஊன்றியவை. அவை விளையும் சரிவுகள் முன்பு சோலையும் புல்வெளியுமாக இருந்தவை. காட்டுப்பன்றி உருளைக்கிழங்குப் பாத்தியை ஒரே இரவில் உழுதுவிட்டுப் போவதைப் பார்த்த விவசாயி வேலிக்கு மின்சாரம் கொடுக்கிறார்; முள்ளம்பன்றியும் காட்டெருமையும்கூட அதில் மாட்டுகின்றன. அடிக்கும் மருந்தில் சாகும் பூச்சிகளுக்கும் ஓடையில் மிதக்கும் தவளைகளுக்கும் கணக்கே இல்லை. கறிக்கென்று வளர்க்கும் விலங்குக்கும் தானியம் போடத்தானே வேண்டும், ஆகவே மொத்தத்தில் என் பக்கம் இழப்பு குறைவு என்பது உண்மை. அது ஒரு கணக்கு, தூய்மை அல்ல. பால் விஷயத்தில் அந்தக் கணக்கும் நாணயமாக இல்லை. பசு பால் தர ஆண்டுதோறும் கன்று ஈன வேண்டும்; காளைக்கன்றுகள் எங்கே போகின்றன என்பது மலையிலிருந்து இறங்கும் லாரிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தேநீரில் பால் விடுகிறேன். இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

ஆகவே உங்கள் வீட்டாரிடம் அறிவியலை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். தோற்றுவிடுவீர்கள், தோற்கவும் வேண்டும். "எனக்கு மனம் வரவில்லை" என்று சொல்லுங்கள். அதுவே முழுக் காரணம், அதற்கு மேல் ஆதாரம் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் உடம்பைப் பற்றிக் கவலைப்பட்டால் அங்கே மட்டும் அறிவியலைக் கொண்டுபோங்கள். இப்போதே ஒரு முறை பி12-உம் இரும்புச்சத்தும் பார்த்துவிடுங்கள். பி12-ஐ மருத்துவரிடம் கேட்டுத் தவறாமல் எடுங்கள். பயறும் கீரையும் தரும் இரும்பு உடலில் எளிதாகச் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூடச் சேர்ந்தால் நன்றாகச் சேரும், சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் குறையும். நம் மலையில் இலையை மடிப்பதற்கு முன்பே தேநீர் வந்துவிடும் என்பது தெரியும். ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அம்மா மீன் குழம்பு வைக்கும் நாளில் மூக்கைச் சுளிக்காமல் கூட உட்கார்ந்து உங்கள் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள்.

விலங்குகளில் சோதித்த மருந்தை நான் எடுப்பேனா என்றும் கேட்டிருந்தீர்கள். ஆட்டு மூளை ஊசி 2004 டிசம்பரோடு இந்தியாவில் நின்றது. நான் கறியை நிறுத்திய அதே ஆண்டு, தற்செயல்தான். ஆட்டுக்கு இரங்கி நிறுத்தவில்லை. அந்த ஊசியிலிருந்த மூளைத்திசு சிலருக்கு நரம்பைப் பாதித்துக் கை கால் முடக்கத்தைக் கொண்டுவந்தது. 1962-இல் ஜப்பானில் ஒரு குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து இன்றுவரை ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருக்கும் வீரோ உயிரணுக்களில் அதைவிடப் பாதுகாப்பான மருந்தைத் தயாரிக்க முடிந்தது. ஆடுகள் பிழைத்தது அதன் பக்கவிளைவு. ஓய்வு பெற்ற மறு ஆண்டு, காலை நடையில் தெருநாய் ஒன்று என் காலைக் கடித்தது. காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன். இரண்டு புயத்திலும் சிறு ஊசி, நான்கு தவணை. புட்டியில் மருந்து பளிங்குபோல் தெளிந்திருந்தது, வெகுநேரம் குலுக்க வேண்டியிருக்கவில்லை. முன்பு எப்போதாவது நாய்க்கடிக்கு ஊசி போட்டிருக்கிறீர்களா என்று செவிலியர் கேட்டார். 1972-இல், வயிற்றில் 14 ஊசி என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பழைய ஊசியெல்லாம் கணக்கில் வராது சார். முதலிலிருந்துதான் போட வேண்டும்" என்று சொல்லி, சீட்டில் முதல் தவணை என்று குறித்துக்கொண்டார்.